தேதி இல்லாத கடன்

ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாமா? பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். படித்துக்கொண்டே மனசுக்குள் பதில் சொன்னால் போதும்.

இன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது செல்போனை மறந்தீர்களா? இல்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ண? இல்லை. வீட்டுக் கடன் தவணை? அதை நீங்கள் மறந்தாலும் பேங்க் மறக்காது. தேதி பிறந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு, எடுத்தாயிற்று என்று மெசேஜும் அனுப்பிவிடும். சரி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாண வீட்டில் உங்கள் சித்தப்பா நாலு பேர் எதிரில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரே, அது? அடேயப்பா! ஒரு எழுத்து மாறாமல் ஒப்பிப்பீர்கள்.

இப்போது இரண்டாம் பகுதி.

அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன் என்று தீபாவளிக்குச் சொன்னீர்களே, போனீர்களா? காலேஜில் படிக்கும்போது உங்கள் பரீட்சை ஃபீஸுக்காக மோதிரத்தைக் கழற்றி அடகு வைத்தானே ஒரு நண்பன், அவனோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது என்று முடிவெடுத்தீர்கள். எந்த வருஷம் எடுத்த முடிவு அது?

"அடடா, மறந்தே போச்சுங்க!"

முதல் பகுதியில் நூற்றுக்கு நூறு. இரண்டாம் பகுதியில் முட்டை. பரீட்சை எழுதியது ஒரே ஆள், ஒரே மூளை. ஆகவே ஞாபக சக்தியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வல்லாரைக் கீரையை வண்டி வண்டியாகச் சாப்பிட்டாலும் இரண்டாம் பகுதியில் மார்க் ஏறப்போவதில்லை.

இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. மறதி ஒரு குறையா, குற்றமா?

சாவியை மறந்தால் குறை. அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனிதரை மறந்தால்? அவருக்குச் செய்ய வேண்டியதை மறந்தால்? "வேணும்னு செய்யலையே, மறந்துதானே போனேன்" என்கிறோம். எதிராளியும் "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிடுகிறார். கெட்ட எண்ணம் இல்லை, அதனால் குற்றம் இல்லை என்பது கணக்கு. ஆனால் பாதிப்பு மட்டும் இருக்கிறது. யாருமே குற்றவாளி இல்லாமல் ஒருவர் பாதிக்கப்பட்டு நிற்கிறார். இந்தக் கணக்கு எங்கோ உதைக்கிறது, இல்லையா?

வாருங்கள், இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஓர் ஊருக்குப் போவோம். அநேகமாக நீங்கள் ஏற்கெனவே போன ஊர்தான். ஆனால் ஞாபகம் இருக்காது.

* * *

ஒகேனக்கல் போயிருப்பீர்கள். அருவிக் குளியல், எண்ணெய் மசாஜ், பரிசல், சுடச்சுட வறுத்த மீன் எல்லாம் ஞாபகம் இருக்கும். தருமபுரியிலிருந்து அங்கே போகிற வழியில், மலைப்பாதை இறங்குவதற்கு முன்னால், ஓர் ஊர் வந்ததே? டிரைவர் டீ குடிக்க நிறுத்தியிருப்பார். நீங்கள் தண்ணீர் பாட்டில் வாங்கியிருப்பீர்கள். அதுதான் பென்னாகரம்.

2010-ல் ஒரு இடைத்தேர்தல் வந்தபோது தமிழ்நாடே இந்தப் பெயரை உச்சரித்தது. பிறகு வழக்கம்போல மறந்துவிட்டது. மானாவாரி நிலம். வேலை தேடி பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிற ஜனங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து அருவியாக விழுகிற ஒகேனக்கல் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. ஆனால் ரொம்ப காலத்துக்கு இங்குள்ள ஜனங்கள் குடித்தது காவிரியை அல்ல. ஆறு பள்ளத்தில் ஓடியது. ஊர் மேட்டில் இருந்தது. அதனால் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் ஒரு விஷயம் இருந்தது. ஃப்ளோரைடு.

தருமபுரி மாவட்டத்துப் பாறைகளில் இருக்கிற சமாசாரம் இது. நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் குடிதண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இங்கே பல கிராமங்களில் அது தாண்டியது. தாண்டினால் என்ன ஆகும்? குழந்தைகளுக்கு ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில், பல்லின் மேல்பூச்சு கெட்டுப்போகிறது. பல் முளைத்து வரும்போதே பழுப்புக் கறையோடு வரும். எந்தப் பற்பசை போட்டுத் தேய்த்தாலும் போகாது. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, குனிய நிமிர முடியாமல் போகும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஃப்ளோரைடுக்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. இந்த அளவில் ருசியிலும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. டம்ளரில் பளிங்கு மாதிரி நிற்கும். உப்புத் தண்ணீராக இருந்தால் வாயில் வைத்ததுமே துப்பிவிடுவோம். கலங்கலாக இருந்தால் கண்ணே எச்சரிக்கும். இதுவோ சத்தமே போடாது. இன்றைக்குக் குடித்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கும் ஒன்றும் ஆகாது. ஏழெட்டு வருஷம் கழித்துக் குழந்தை சிரிக்கும்போதுதான் பில் வரும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி குழாயில் ஏறி வந்தது. பெரிய காரியம். ஆனாலும் குழாயில் ஒருநாள் தண்ணீர் வரவில்லை என்றால், பக்கத்தில் போர் பைப் இருக்கத்தானே செய்கிறது? அதிலும் தண்ணீர் பளிங்கு மாதிரிதானே வரும்? 'குளிக்க, துவைக்க அது. குடிக்க, சமைக்க இது' என்பதை வீட்டில் யாராவது ஒருவர், தினமும், ஒவ்வொரு குடத்துக்கும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் அதை ஞாபகப்படுத்தாது.

நம் வாழ்க்கையில் முக்கியமான விஷயங்கள் எல்லாமே கிட்டத்தட்ட இந்த ஜாதிதான். நிறம், மணம், ருசி இல்லாதவை. இன்று விட்டால் இன்று ஒன்றும் ஆகாது. அவசரம் என்பது வேறு ஜாதி. மணி அடிக்கும், கதவைத் தட்டும், அபராதம் போடும். நாம் சத்தம் போடுகிறவனுக்கு முதலில் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். பேசாமல் நிற்பவரைப் பார்த்து "ஒரு நிமிஷம் இருங்க" என்கிறோம். அந்த ஒரு நிமிஷம் சில சமயம் பதினாலு வருஷம் நீண்டுவிடுகிறது.

பதினாலு என்று சும்மா சொல்லவில்லை.

* * *

எனக்கு ஒரு நண்பர். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெங்களூரில் நல்ல வேலை. அவருக்கு மூன்று வயது மூத்த அக்கா ஒருத்தி. நண்பரைச் சின்ன வயதிலேயே சேலத்தில் மாமா வீட்டில் விட்டுவிட்டார்கள், நன்றாகப் படிக்கட்டும் என்று. சேலத்தில் அவர் குடித்தது மேட்டூர் தண்ணீர். அதாவது ஒகேனக்கல்லைத் தாண்டி ஓடிப்போன அதே காவிரி. அக்கா ஊரிலேயே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தார். தம்பிக்குப் பல் வெள்ளை. அக்காவுக்குப் பழுப்பு.

அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கொஞ்ச காலத்தில் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி காலேஜ் படித்தார். அக்கா சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். வீட்டில் இருக்கிற எந்த போட்டோவிலும் உதட்டைத் திறந்து சிரித்ததில்லை. கல்யாண ஆல்பத்திலும் அப்படித்தான். "ஏன் பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குது?" என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம்.

தம்பிக்கு முதல் சம்பளம் வந்தது. "அக்கா, உன் பல்லை நான் சரி பண்ணித் தரேன். மேல மெல்லிசா உறை மாதிரி ஒண்ணு போடுறாங்க, அச்சு அசல் பல்லு மாதிரியே இருக்கும்" என்றார். மனசார சொன்னதுதான். அக்கா அப்போதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை, அதுதான் விஷயம். பைக், கல்யாணம், பிளாட், குழந்தை, ஸ்கூல் அட்மிஷன், கார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருந்தது. அக்காவின் பல்லுக்குத் தேதி இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அக்காவைப் பார்த்ததும் சுரீர் என்று ஞாபகம் வரும். பெங்களூர் டோல்கேட் தாண்டினதும் போய்விடும். நம்புங்கள், அவர் கெட்டவர் இல்லை. யாராவது ஒருநாள் "உங்கக்காவுக்கு இந்தப் பணத்தைத் தர முடியாது என்று சொல்லுவாயா?" என்று கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார். மறுக்கவேயில்லை அவர். மறந்தார். அவ்வளவுதான்.

இதைப் பற்றி யோசித்தால் ஒன்று தெரியும். கஷ்டகாலத்தில் அவர் அக்காவை மறக்கவில்லை. ஹாஸ்டலில் பணம் போதாமல் திண்டாடிய நாளெல்லாம் அக்கா ஞாபகம்தான். மறதி வந்தது நல்ல காலத்தில். திருக்குறளில் 'பொச்சாவாமை' என்று ஒரு அதிகாரம் இருக்கிறது, 54-வது. பொச்சாப்பு என்றால் மறதி; சந்தோஷத்தில் மெத்தனமாகி வருகிற மறதி. (அந்த வார்த்தையையே நாம் மறந்துவிட்டோம்!) அளவு கடந்த கோபத்தைவிட இது மோசம் என்பது வள்ளுவர் கட்சி. முதல் தடவை படித்தபோது எனக்கு அது மிகையாகப் பட்டது. கோபத்தைவிடவா? ஆமாம். கோபம் வந்தால் நமக்கே தெரிகிறது, அப்புறம் வருத்தப்படுகிறோம். மறதி வந்தது மறந்தவனுக்கே தெரிவதில்லையே!

* * *

நான் படித்தது பி.காம். அதில் வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. மற்றதெல்லாம் ஆவியாகிவிட்டது. புரோ நோட்டு மட்டும் நிற்கிறது.

புரோ நோட்டுக்கு மூன்று வருஷம்தான் ஆயுசு என்பது நம் ஊரில் பெட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். கேட்கும்போது தருகிறேன் என்று எழுதிக்கொடுத்த நோட்டின் பேரில் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அல்லது வட்டியோ அசலோ கொஞ்சம் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கி அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் காலாவதி. கோர்ட்டுக்குப் போக முடியாது.

இதில் ஒரு நுணுக்கம் எங்கள் வாத்தியார் சொல்லித் தந்தார். காலாவதியானால் கோர்ட் கதவுதான் மூடுகிறது. கடன் செத்துப் போவதில்லை. வாங்கினவன் வாங்கினவன்தான். கேட்கிற வழி மட்டும் போய்விட்டது.

இந்த வாழ்க்கையில் நாம் பட்டிருக்கிற பெரிய கடன்களைப் பாருங்கள். அம்மாவிடம், அக்காவிடம், வாத்தியாரிடம், ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம். எல்லாமே 'கேட்கும்போது தருகிறேன்' வகை. ஒரே ஒரு சிக்கல். கொடுத்தவர்கள் கேட்கவே மாட்டார்கள். கேட்கிற சுபாவம் இருந்தால் அவர்கள் அதைக் கொடுத்தே இருக்க மாட்டார்கள். அந்த அக்கா பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட "தம்பி, பல்லு என்னாச்சு?" என்று கேட்கவில்லை. கேட்காத கடன்காரரை மறப்பது சுலபம். அதனாலேயே அது வெறும் குறை இல்லை என்று எனக்குப் படுகிறது. அவர் கேட்க மாட்டார் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் ஞாபகத்துக்கு ஒரு ஏற்பாடும் செய்யாமல் இருந்துவிடுகிறோம். மறந்தது குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். மறந்துபோகும்படி விட்டது?

* * *

ஏற்பாடு என்றேன். அதை நம்மைவிட நன்றாகச் செய்தவர்கள் இதே தருமபுரிச் சீமையில் இருந்தார்கள்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஏரிக்கரை, வயல் வரப்பு, மரத்தடி என்று ஆங்காங்கே பலகைக் கற்கள் நிற்பதைப் பார்க்கலாம். கையில் வில்லோ வாளோ பிடித்த ஓர் ஆள் செதுக்கியிருக்கும். நடுகற்கள். ஊரின் மாடுகளை எதிரிகள் ஓட்டிக்கொண்டு போனபோது மீட்கப் போய் உயிரை விட்டவர்களுக்கு வைத்தவை நிறைய. பல்லவர், கங்கர், நுளம்பர் காலத்துக் கற்களெல்லாம் உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம். செத்துப்போன வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். சுமார் ஆயிரத்து நானூறு வருஷமாக அந்த நாயின் பெயர் நிற்கிறது. நம் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ஜனங்கள் இதை அரண்மனையிலோ மலை உச்சியிலோ வைக்கவில்லை. நடமாடுகிற இடத்தில் வைத்தார்கள். தினமும் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன் கண்ணில் பட்டே தீரும். 'இந்த மாடு உன் வீட்டில் கட்டியிருக்கக் காரணம் இவன்' என்று கல் சொல்லும். மனுஷ மனசின் லட்சணம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஞாபகத்தைத் தலைக்குள் வைத்தால் தங்காது, காலடியில் வைக்க வேண்டும் என்று.

இன்னொன்றும் தெரிந்திருக்கிறது. நடுகல் வைப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. கவனித்தீர்களா? நட்டதோடு முடிந்துவிடவில்லை. நட்ட பிறகு செய்ய வேண்டியது இரண்டு இருக்கிறது. கல் மட்டும் ஞாபகம் ஆகிவிடாது. அதன் முன்னால் கை ஏதாவது செய்ய வேண்டும்.

இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் பல நடுகற்களுக்கு 'வேடியப்பன்' என்று பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள். எந்தச் சண்டையில் யார் செத்தது என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது. எழுத்து வட்டெழுத்து, படிக்க ஆள் இல்லை. பெயர் போய்விட்டது, கதை போய்விட்டது. ஆனாலும் பொங்கல் வைக்கிறார்கள். 'நமக்காக ஒருத்தன் செத்தான்' என்கிற அடிப்படை மட்டும் கை வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

வெறும் கல் போதாது என்பதற்கும் பென்னாகரம் தாலுகாவிலேயே சாட்சி உண்டு. பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர். 1908-ல் வ.உ.சி.யோடு கைதாகி ஜெயிலுக்குப் போனவர், 1912-ல் தொழுநோயோடு வெளியே வந்தார். அந்த நோயைக் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் வைத்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ம் தேதி சிவா காலமானார். நாற்பது வயதுதான்.

பாரத மாதா நினைவாலயம் திறக்கப்பட்டது 2021-ல். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் நடுவே 98 வருஷம்! அவர் தியாகத்தை யாராவது மறுத்தார்களா? இல்லை. பாடப் புத்தகத்தில் இருக்கிறார். கல்லும் நட்டாயிற்று. 'இந்தத் தேதிக்குள் இவர் இதைச் செய்ய வேண்டும்' என்பது மட்டும் யார் பெயரிலும் எழுதப்படவில்லை. என் நண்பரின் அக்கா பல் கதைதான், ஒரு தேசத்தின் அளவில்.

* * *

"இதெல்லாம் சரி சார், அம்மாவுக்கு போன் பண்ண செல்போனில் அலாரம் வைக்கச் சொல்கிறீர்களா? அலாரம் வைத்துத்தான் அம்மாவை நினைக்கணும்னா அது என்ன பாசம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிஜமான அன்பு தானாக ஞாபகம் வரவேண்டும் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஆபரேஷன் தியேட்டரைப் பாருங்கள். பெரிய சர்ஜன். இருபது வருஷ அனுபவம். நோயாளியின் பெயரைச் சரிபார்க்க வேண்டும், கிருமி மருந்தை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், தைப்பதற்கு முன் பஞ்சை எண்ண வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 19 விஷயங்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்து, டெல்லி உட்பட எட்டு நகரங்களில் ஆஸ்பத்திரிகளில் சத்தமாகப் படித்து டிக் அடிக்கச் சொன்னது. 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகான மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. ஒரு காகிதம்! அந்தக் காகிதத்தைப் படிக்கிற டாக்டர் அக்கறை இல்லாதவரா? அக்கறை இருப்பதால்தான் தன் ஞாபகத்தை அவர் நம்பவில்லை.

நடுகல்லை நட்டவனும் நன்றி கெட்டவன் இல்லை. 'நான் மறக்கக்கூடியவன்' என்று தன்னைத் தெரிந்து வைத்திருந்தவன். அலாரம் வைப்பது பாசக் குறைவு இல்லை. "எனக்கெல்லாம் அலாரம் தேவையில்லை" என்று இருப்பதில்தான் ஆபத்து. ஒரே ஒரு எச்சரிக்கை. அலாரம் அடித்ததும் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால், அது படையல் இல்லாத நடுகல். கல் நிற்கும், ஞாபகம் இருக்காது.

எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கம்பெனிக் கணக்கில் வாராக் கடன் என்று ஒன்றை ஒரு கட்டத்தில் தள்ளுபடி செய்துவிடுவார்கள். சுமந்துகொண்டே இருந்தால் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். அந்தச் சித்தப்பா சொன்ன வார்த்தை அந்த வகை. கெடுதலை அன்றைக்கே மறந்துவிடச் சொன்னவரும் வள்ளுவர்தான். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். பட்ட அவமானத்துக்குக் கூட்டு வட்டி போட்டு வருஷா வருஷம் கணக்கில் ஏற்றுகிறோம். பெற்ற உதவியைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம்.

ஆகவே ஒரு சின்ன வேலை. ஒரு காகிதத்தில், உங்களிடம் ஒருபோதும் கேட்க மாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் 'நன்றியோடு இருப்பேன்' என்றெல்லாம் எழுதாதீர்கள். கை செய்யக்கூடிய ஒரு காரியத்தை எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு தேதி. தேதிதான் முக்கியம். பிறகு அந்தக் காகிதத்தை டைரிக்குள் வைக்க வேண்டாம். நடக்கிற வழியில் வையுங்கள். ஷேவிங் கண்ணாடி, ஃப்ரிட்ஜ் கதவு, எங்கே தினமும் கால் போகிறதோ அங்கே. மூன்றில் ஒருவர் போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்போதும் கணக்கை மூட வேண்டாம். கடன் கொடுத்தவர் இறந்தால் வாரிசுக்குக் கொடுப்பதுதானே முறை? அவர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் இன்னொருவருக்குச் செய்யலாம்.

நண்பர் கதையை முடித்துவிடுகிறேன். போன வருஷம் ஒருவழியாக அக்காவை அழைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். "இப்ப எதுக்கு தம்பி? நாப்பது தாண்டிருச்சு. இனிமே யாருக்குக் காட்டப் போறேன்?" என்றாராம் அக்கா. கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார். நாலு தடவை போனதில் வேலை முடிந்தது. பல் அழகாகத்தான் இருக்கிறது.

"இப்பல்லாம் நல்லா சிரிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"சிரிக்கிறாங்க சார். ஆனா கை மட்டும் இன்னும் வாய்க்குப் போயிடுது. பழக்கம்."

அசல் அடைந்துவிட்டது. வட்டிதான் அடையவில்லை. அந்தப் பதினாலு வருஷ போட்டோக்களை இனி எந்த டாக்டராலும் மாற்ற முடியாது. ஆனாலும் அவர் போகாமல் இருந்திருந்தால் இதுவும் இல்லை.

'ரொம்ப லேட்டாயிடுச்சே, இனிமே எப்படிப் போய் நிற்பது' என்று கூச்சப்பட்டே பல பேர் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்காக, பி.காமில் படித்ததில் இன்னும் ஒன்றே ஒன்று. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 25, உட்பிரிவு 3. காலாவதியான கடனைக்கூட, தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது செல்லும். மறுபடி உயிர் வந்துவிடும்.

பேனா இருக்கிறதா?